ஃபிராங்கின் ஈ மேஜர் கோரால்: ஆங்கில பாணி டிஜிட்டல் ஆர்கனில் ஸ்டாப் போடுவது எப்படி?

கட்டைவிரல்

வணக்கம். செசார் ஃபிராங்க் 1890-இல் எழுதிய மூன்று கோரால்களில் முதலாவதை, ஈ மேஜரை, எடுத்திருக்கிறேன். நோட்டு ஓரளவு கைக்கு வந்துவிட்டது. எந்தக் குழல் வரிசைகளை ஒலிக்க வைப்பது என்ற ஸ்டாப் விஷயத்தில்தான் இடிக்கிறது.

கருவி இரண்டு மேனுவல் (கைக் கட்டை வரிசை) டிஜிட்டல் ஆர்கன், ஆங்கில பாணி. கிரேட், ஸ்வெல் இரண்டும் மேனுவல்கள். ஸ்டாப் பெயருக்குப் பின்னால் உள்ள எண் அடிக்கணக்கு: 8 என்றால் எழுதிய சுருதி, 4 ஒரு ஸ்தாயி மேலே, 16 ஒரு ஸ்தாயி கீழே.

கிரேட்: ஓபன் டயபேசன் 8, கிளாரிபெல் ஃப்ளூட் 8, டல்சியானா 8, பிரின்சிபல் 4, ஃப்ளூட் 4, ஃபிஃப்டீன்த் 2, மிக்ஸ்சர், டிரம்பெட் 8.

ஸ்வெல்: ரோர் ஃப்ளூட் 8, சாலிசியனல் 8, வுவா செலெஸ்ட் 8, பிரின்சிபல் 4, ஃப்ளூட் 4, பிக்கோலோ 2, மிக்ஸ்சர், கான்ட்ரா ஃபகாட்டோ 16, டிரம்பெட் 8, ஓபோ 8, கிளாரியன் 4, டிரெமுலண்ட்.

பெடல்: ஓபன் உட் 16, பூர்டன் 16, பிரின்சிபல் 8, ஃப்ளூட் 8, டிராம்போன் 16.

வழக்கமான கப்ளர்கள் (ஒரு கட்டை வரிசையை இன்னொன்றோடு இணைப்பவை), 6 ஜெனரல் பிஸ்டன் (ஸ்டாப் தொகுப்பைச் சேமித்து ஒரே அழுத்தில் கொண்டுவரும் பொத்தான்), ஒரு கிரெஷெண்டோ பெடல் (மிதிக்க மிதிக்க ஸ்டாப்களை வரிசையாகச் சேர்ப்பது) உண்டு.

முதல் சிக்கல்: தொடக்கத்தில் எல்லா மேனுவலிலும் 8 அடி ஃபாண்ட்ஸ் (அடிப்படை ஸ்டாப்கள்), கூடவே ரேசியில் (பிரெஞ்சு ஸ்வெல்) ஓபுவா (ஓபோ), எல்லாம் கப்ளரில் என்று போட்டிருக்கிறது. அப்படியே போட்டால் கஞ்சி மாதிரி குழைகிறது, மேல் குரலே கேட்கவில்லை. இரண்டாவது: இந்தக் காலத்துப் பிரெஞ்சு நோட்டுகளில் ஆன்ஷ் (ரீட், நாக்குக் குழல்) ஸ்டாப்களைத் "தயாராக" வைக்கச் சொல்கிறார்கள். தயாராக என்றால்? இழுத்தால் உடனே சத்தம் வருகிறதே. மூன்றாவது: சத்தம் வளர வேண்டிய இடத்தில் கிரெஷெண்டோ பெடலை மிதித்தால் வேறு ஏதோ பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அதே பெடல் மெண்டெல்சோன் சொனாட்டாவில் பெரிதாக உறுத்தவில்லை. ஏன்?

இன்னொன்று, வுவா ஹ்யூமேன் ("மனிதக் குரல்") ஸ்டாப் என் கருவியில் கிடையாது. அந்தப் பகுதிக்கு எதைப் போடுவது?

காற்றுப்பெட்டி

உங்கள் கேள்விகள் எல்லாமே ஒரே இடத்துக்குப் போகின்றன: பாரிஸின் சாந்த் க்ளோதில்ட் தேவாலயத்தில் அரிஸ்டீட் கவாயே-கோல் கட்டி, 1859 டிசம்பரில் திறக்கப்பட்ட ஆர்கன். ஃபிராங்க் சாகும்வரை அங்கேதான் வாசித்தார். அவர் எழுதியதை வெறும் ஸ்டாப் பட்டியலாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அந்தக் கருவியில் கால் எந்த மிதியை எப்போது அழுத்தியது என்பதற்கான குறிப்பாகப் படியுங்கள், தெளிந்துவிடும்.

அங்கே 46 ஸ்டாப், மூன்று மேனுவல்: கிராண்ட் ஓர்க் (உங்கள் கிரேட்) 14, பொசிட்டிஃப் 14, ரேசி 10, பெடலுக்கு 8. ஒவ்வொரு பிரிவின் காற்றுப் பெட்டிக்கும் இரண்டு பங்கு. ஒரு பங்கில் அடிப்படைக் குழல்கள். அவற்றுக்கு எப்போதும் காற்று உண்டு. மற்றப் பங்குக்குப் போகும் காற்றை ஒரு வால்வு மறித்துக்கொண்டிருக்கும். அந்த வால்வைத் திறப்பது பெடல் கட்டைகளுக்கு மேலே உள்ள ஓர் இரும்பு மிதி. ஆகவே இரண்டாம் பங்கின் ஸ்டாப்களைத் தொடக்கத்திலேயே இழுத்து வைக்கலாம். காற்று இல்லாததால் ஒலிக்காது. மிதியை அழுத்தியதும் எல்லாம் சேர்ந்து வரும், கை கட்டையை விட்டு எழ வேண்டியதில்லை. "தயார்" என்பது இதுதான்.

இதில் எல்லாரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆன்ஷ் என்றால் ரீட் என்று அகராதி சொல்லும். ஆனால் அந்த மிதி ரீட்களை மட்டும் கொண்டுவருவதில்லை. ரேசியில் ஃப்ளூட் 4, ஒக்டாவின் 2, துரோம்பேத் 8, கிளேரோன் 4 ஆகிய நான்கும் அந்தப் பங்கில் இருந்தன. கிராண்ட் ஓர்க்கில் ஒக்தாவ் 4, கேன்ட், டப்ளெட் 2, ப்ளேன் ழூ (மிக்ஸ்சர், பல உயர் குழல்கள் சேர்ந்து ஒலிப்பது) ஆகியவையும் ரீட்களோடு அதே பங்கில். அதாவது மிக்ஸ்சர் ரீட்களோடுதான் வந்தது, அதற்கு முன்னால் அல்ல. ரேசியில் மிக்ஸ்சரே கிடையாது. ஓபுவா ரீட் ஆக இருந்தும் அடிப்படைப் பங்கில் நின்றது. அதனால்தான் "ஃபாண்ட்ஸும் ஓபுவாவும்" என்று ஃபிராங்க் ஓயாமல் எழுதுகிறார். 8 அடி ஃப்ளூட்களின் வழவழப்புக்கு ஒரு முனை தேவை, அதை ஓபுவா தருகிறது. உங்கள் ஓபோ மெல்லியதாக இருந்தால் கவலை வேண்டாம், இங்கே அதுதான் வேண்டும்.

உங்கள் கருவிக்கு இப்படிப் பிஸ்டன் வையுங்கள். ஸ்வெல்-கிரேட், கிரேட்-பெடல், ஸ்வெல்-பெடல் கப்ளர்கள் 1 முதல் 5 வரை எல்லாவற்றிலும் இருக்கட்டும்.

பிஸ்டன் 1: ஸ்வெல் ரோர் ஃப்ளூட், சாலிசியனல், ஓபோ. கிரேட் ஓபன் டயபேசன், கிளாரிபெல், டல்சியானா. பெடல் பூர்டன் 16, ஃப்ளூட் 8.

பிஸ்டன் 2: அதோடு ஸ்வெல் ஃப்ளூட் 4, பிக்கோலோ 2, டிரம்பெட் 8, கிளாரியன் 4. வேறெதுவும் மாறக்கூடாது.

பிஸ்டன் 3: அதோடு கிரேட் பிரின்சிபல் 4, பெடலில் ஓபன் உட் 16, பிரின்சிபல் 8.

பிஸ்டன் 4: அதோடு கிரேட் டிரம்பெட் 8, ஃபிஃப்டீன்த் 2.

பிஸ்டன் 5: அதோடு கிரேட் மிக்ஸ்சர், பெடல் டிராம்போன் 16.

பிஸ்டன் 6 வுவா ஹ்யூமேன் பகுதிக்கு. ஸ்வெல் மிக்ஸ்சரை இந்தப் பாட்டில் தொடவே வேண்டாம்.

பிஸ்டன் 2-ஐ அழுத்தும்போது ஸ்வெல் பாக்ஸ் (ஸ்வெல் குழல்களை அடைத்திருக்கும், பலகைகள் திறந்து மூடும் பெட்டி) முழுக்க மூடியிருக்க வேண்டும். ரீட் உள்ளே வந்தது கேட்பவருக்குத் தெரியக்கூடாது, நிறம் மட்டும் லேசாகக் கருக்க வேண்டும். பிறகு பாக்ஸ் திறக்கத் திறக்க அது வெளியே வரும். பாக்ஸ் பாதி திறந்திருக்கும்போது அழுத்தினால் படி ஏறியது போலத் தூக்கி அடிக்கும். பல ஒலிப்பதிவுகளில்கூட இந்தக் கோளாறு கேட்கும்.

செலெஸ்ட் ஃபாண்ட்ஸில் சேராது. அது வேண்டுமென்றே சுருதி சற்று விலக்கி வைத்த ஸ்டாப். மற்ற 8 அடிகளோடு சேர்த்தால் முழு ஒலியும் கலங்கும். நீங்கள் சொன்ன கஞ்சிக்கு அது காரணமா என்று முதலில் பாருங்கள்.

எட்டடி

மேலே சொன்னது சரி. ஆனால் செலெஸ்டை எடுத்துவிட்டாலும் கஞ்சி முழுக்கப் போகாது. காரணம் குழலில் இருக்கிறது.

கவாயே-கோல் ஃப்ளூட்களின் மேல் ஸ்தாயிக் குழல்களை வழக்கமான நீளத்துக்கு இரண்டு மடங்காகச் செய்து, நடுவில் ஒரு சின்னத் துளை போட்டார். காற்று அழுத்தி ஊதும்போது குழல் தன் அடிச்சுருதியை விட்டு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். நீளமான குழல் என்பதால் ஒலி உருண்டு, பலமாக வரும். ஃப்ளூட் ஹார்மோனிக் என்பது இது. அதோடு மேல் கட்டைகளுக்குத் தனியாக, அதிக அழுத்தத்தில் காற்று கொடுத்தார். மேலே போகப் போக ஒலி தேயாமல் வளர்ந்தது. அதனால்தான் பத்துப் பன்னிரண்டு 8 அடி ஸ்டாப்களை ஒன்றாகப் போட்டும் மேல் குரல் பாடியது. ஆங்கில டயபேசனின் பலம் நடு ஸ்தாயியில். சபையைப் பாட வைப்பதற்குச் செய்தது. அதை மூன்று ஸ்டாப்பாக அடுக்கினால் நடுக் குரல்கள் மேல் குரலை விழுங்கிவிடும்.

டிஜிட்டலில் இதைக் கொஞ்சம் சரிசெய்யலாம். வாய்சிங் மெனு இருந்தால் கிளாரிபெல் ஃப்ளூட்டை நடு ஸி-யிலிருந்து மேலே 1 முதல் 2 டெசிபல் ஏற்றுங்கள், ஓபன் டயபேசனை மொத்தமாக 2 டெசிபல் இறக்குங்கள். பெடல் பூர்டனையும் குறையுங்கள், சின்ன அறையில் 16 அடிதான் எல்லாவற்றையும் மூடுகிறது. மெனு இல்லையென்றால் டல்சியானாவை விட்டுவிட்டு ஓபன் டயபேசன், கிளாரிபெல் இரண்டோடு ஸ்வெல்லை நன்றாகத் திறந்து வாசியுங்கள். ஸ்வெல் ஓபோ மேல் குரலைத் தூக்கும். கிரேட்டில் 4 அடி போட்டுத் தெளிவு தேடாதீர்கள். தெளிவு வரும், ஃபிராங்க் போய்விடுவார்.

இத்தனை மேனுவலையும் சேர்த்தே வாசிப்பது எப்படி வழக்கமானது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆர்கனில் கட்டையிலிருந்து வால்வுவரை மரக்குச்சிதான் இணைப்பு. மூன்று மேனுவலைக் கப்ளரில் சேர்த்தால் விரல் ஒரே அழுத்தில் மூன்று வால்வைக் காற்றழுத்தத்துக்கு எதிராக இழுக்க வேண்டும். வேகமாக வாசிக்க முடியாது. சார்ல்ஸ் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த நெம்புகோலைக் கவாயே-கோல் 1841-இல் சாந்த் தெனி ஆர்கனில் வைத்தார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குட்டித் துருத்தி: கட்டை ஒரு சிறு வால்வை மட்டும் திறக்கும், துருத்தி உப்பி மீதி வேலையை இழுத்துச் செய்யும். கப்ளர் பாரம் விரலில் ஏறாது. "எல்லா மேனுவலும் சேர்த்து" என்பது அதற்குப் பிறகுதான் பிரெஞ்சு ஆர்கனின் இயல்பான ஒலி ஆனது. அது வராமல் இந்த இசையே எழுதியிருக்க முடியாது என்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் காற்றுப்பெட்டியோடு எனக்கு ஒத்துவராது. கடைசிப் பக்கங்களில் ஸ்வெல் கான்ட்ரா ஃபகாட்டோ 16-ஐச் சேர்க்கலாம். சாந்த் க்ளோதில்ட் ரேசியில் 16 அடி ரீட் இல்லை, உண்மை. ஆனால் அதே 1890-இல் கவாயே-கோல் ரூவான் சாந்த் வான் தேவாலயத்தில் முடித்த ஆர்கனின் ரேசியில் 16 அடி ரீட் உண்டு. கிரேட்டில் ஒரே ஒரு டிரம்பெட் வைத்திருக்கும் கருவியில் முடிவுக்குக் கனம் வேண்டாமா?

காற்றுப்பெட்டி

கனம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இடது கையில் ஃபிராங்க் எழுதும் அடர்த்தியான கோர்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். கிரேட்டோடு கப்ளரில் இருக்கும் 16 அடி ரீட் அவற்றை ஒரு ஸ்தாயி கீழே இரட்டிக்கும். கை நடு ஸி-க்குக் கீழே இறங்கிய உடனே உறுமல்தான் மிஞ்சும். சாந்த் வானின் உயரத்தில் அது கரைந்துவிடும், டிஜிட்டல் ஸ்பீக்கரில் கரையாது. இரண்டு கையும் மேலே இருக்கும் கடைசிச் சில கோர்டுகளுக்கு மட்டும் என்றால் சம்மதம்.

உருளை

கிரெஷெண்டோ பெடல் கேள்விக்கு யாரும் வரலையே. நான் ஜெர்மன் பக்கத்து ஆள், அதனால இதை எடுத்துக்கறேன்.

உங்க பெடல் ஸ்டாப்களைக் கொண்டுவர்ற வரிசையைக் கவனிச்சுப் பாருங்க. பெரும்பாலான டிஜிட்டல் கருவிகள்ல கம்பெனியில வைச்சு அனுப்பற வரிசை இதுதான்: மெல்லிய 8, பிறகு டயபேசன்கள், 4, 2, மிக்ஸ்சர், கடைசியா ரீட். ஜெர்மன் ரொமாண்டிக் ஆர்கனோட வரிசையும் ஏறக்குறைய அதுதான். பிரெஞ்சு வரிசை நேர் தலைகீழ்: 8 அடிகளுக்கு அடுத்தபடியே பாக்ஸுக்குள்ள மூடின ரீட்கள் வந்துடும், மிக்ஸ்சர் கடைசியில. அதனாலதான் ஃபிராங்க்ல நீங்க பெடலை மிதிச்சதும் பாதி வழியில மிக்ஸ்சர் கண்ணாடி மாதிரி கிரீச்சிடுது, ரீட் வரவேண்டிய நேரத்துல வரலை. ஒரே ஆர்கன், ஒரே ஸ்டாப்கள். வரிசை மாறினா தேசமே மாறிடும்.

ஏன் இப்படி ரெண்டு வழி பிரிஞ்சதுன்னா அதுவும் காற்றுப் பெட்டிதான். கவாயே-கோல் பழைய ஸ்லைடர் பெட்டியை வைச்சுக்கிட்டு, அதுக்குப் போற காற்றைப் பங்கு பிரிச்சார். ஜெர்மனியில எபெர்ஹார்ட் வால்கர் கூம்பு வால்வுப் பெட்டிக்குப் போனார், 1842-ல காப்புரிமை. அதுல ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் தனிக் கால்வாய், காற்றை அந்தக் கால்வாய்க்குள்ள விட்டா ஸ்டாப் வந்தாச்சு, பலகையை இழுத்து நகர்த்தற வேலை கிடையாது. அப்புறம் காற்றழுத்தத்துலயே இயங்குற ஆக்‌ஷன் பரவினதும் எல்லா ஸ்டாப்பையும் ஒரே உருளையில வரிசையா இணைக்கறது சுலபமாச்சு. காலால அந்த உருளையை உருட்டினா மெல்லிசுல இருந்து முழு ஆர்கன் வரைக்கும் ஒரே வழுக்கல். உங்க கிரெஷெண்டோ பெடல் அதோட வாரிசு. ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகர் இதை மனசுல வைச்சுத்தான் எழுதறார்: ஸ்டாப் பேர் அபூர்வம், pppp-ல இருந்து ஓர்கனோ ப்ளேனோ வரைக்கும் சத்தக் குறியீடுதான் பக்கம் பூரா. ரேகரை வாசிக்கும்போது அந்தப் பெடலைத் தாராளமா மிதிங்க.

மெண்டெல்சோன் கதை வேற. ஆறு சொனாட்டா, ஓபஸ் 65, 1845. அப்ப உருளை பரவலை. முன்னுரையில அவரே சொல்லிடறார்: ff-ன்னா முழு ஆர்கன், f-ன்னா அதுல ரொம்ப பலமான சில ஸ்டாப்களைக் கழிச்சது, p-ன்னா மெல்லிய 8 அடிகள் சிலது சேர்த்து, pp-ன்னா பொதுவா ஒரே ஒரு மெல்லிய 8. பெடல்ல pp-யிலகூட 16-ம் 8-ம் சேர்ந்தே இருக்கணும், வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய. ஆறாவது சொனாட்டாவுல அப்படி ஒரு இடம் இருக்கு. இவர் கேக்கறது படிக்கட்டு. நிறம் உங்க இஷ்டம். அதனால உங்க பெடல் எந்த வரிசையில ஏத்தினாலும் பெரிசா காயப்படாது. ஆனா அவருக்கும் பிஸ்டன்தான் சரி. பகுதி மாறற இடத்துல சத்தம் மாறணும், நடு வாக்கியத்துல ஊதிப் பெருகக்கூடாது.

இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கறது ஜெர்மன் நகரம் மெர்செபுர்க். ஃப்ரீட்ரிஷ் லாடெகாஸ்ட் அங்க கதீட்ரல்ல கட்டின 81 ஸ்டாப் ஆர்கன் 1855-ல திறந்தப்ப லிஸ்டோட "ஆட் நோஸ்" ஃபேண்டஸியை அவரோட மாணவர் விண்டர்பெர்கர் வாசிச்சார். 1857 ஜூன்ல யூலியுஸ் ராய்ப்கே அங்கேயே தன் 94-ஆம் சங்கீத சொனாட்டாவை அரங்கேத்தினார். அடுத்த வருஷமே 24 வயசுல போயிட்டார். ரெண்டு பாட்டுமே பியானோ கை வேகத்தையும் ஆர்கெஸ்ட்ரா சத்தத்தையும் கேக்குது. அதை ஒட்டின வருஷங்கள்ல ஃபிராங்க் தன் "ஆறு பாட்டு" ஆர்கன் தொகுப்பை எழுதினார், அச்சுல வந்தது 1868. ஒப்பிட்டுப் பாருங்க: லிஸ்ட் சத்தத்தைக் கட்டைமேல குவிக்கறார், ஃபிராங்க் அதையே காலுக்குக் கொடுத்துடறார்.

உங்க கருவியில கிரெஷெண்டோ வரிசையை மாத்த மெனு இருந்தா (பலதுல ரெண்டு மூணு வரிசை சேமிக்கலாம்) ஒண்ணைப் பிரெஞ்சு முறைக்கு ஒதுக்குங்க. மேல சொன்ன பிஸ்டன் 1 முதல் 5 வரைக்கும் உள்ளதையே படிப்படியா நிரப்புங்க. கப்ளர்கள் முதல் படியிலேயே இருக்கட்டும். நடுவுல கப்ளர் வந்தா திடீர்னு சத்தம் ரெட்டிக்கும்.

கட்டைவிரல்

மிக்க நன்றி, மூவருக்கும். வரிசையை மாற்ற மெனு இருக்கிறது, "பி" வரிசையில் ஏற்றிவிட்டேன். இப்போது மூன்றாவது படியில் மிக்ஸ்சர் குதிப்பதில்லை.

இரண்டு துணைக் கேள்விகள். ஸ்வெல் பெடலை எங்கே எவ்வளவு திறப்பது? கால் முழுக்க நோட்டில் இருக்கும்போது ஃபிராங்க் எப்படிச் சமாளித்தார்? அடுத்தது, இடது கையில் பத்தாம் கட்டை தூரத்துக்குக் கோர்டுகள் வருகின்றன. எனக்கு ஒன்பதே தடவித்தான் எட்டுகிறது. உடைத்து வாசிக்கலாமா?

காற்றுப்பெட்டி

சாந்த் க்ளோதில்ட்டில் ஸ்வெல் பெடல் இன்றைக்கு இருப்பதுபோல் நடுவில் இல்லை, விட்ட இடத்தில் நிற்கவும் நிற்காது. வலது ஓரத்தில், ஸ்பிரிங் வைத்த ஒரு கரண்டி வடிவ நெம்புகோல். கீழே அழுத்திப் பள்ளத்தில் மாட்டினால் திறந்து நிற்கும், எடுத்துவிட்டால் மூடிக்கொள்ளும். இடைப்பட்ட நிலைக்குக் காலாலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் சத்தம் வளரும் பல இடங்களில் பெடல் வரி இடது காலுக்கு மட்டும் எட்டும்படி இருக்கும், அல்லது ஒரே நோட்டு நீளமாக நிற்கும். நோட்டில் இதைத் தேடிப் பாருங்கள். வலது கால் எங்கே ஓய்ந்திருக்கிறதோ அங்கே பாக்ஸுக்கு வேலை உண்டு என்று அர்த்தம்.

உங்களுக்கு நடைமுறையில்: மூடியதிலிருந்து முதல் கால் பங்கு திறப்பில்தான் ஒலி மிக அதிகமாக மாறும். மரப் பலகைகள் லேசாக விலகினாலே அடைபட்ட உயர் ஒலிகள் வெளியே பாய்ந்துவிடும். ஆகவே முதல் கால் பங்கை மெதுவாக, ஒரு முழு வாக்கியத்துக்குப் பரப்பி, மீதியை வேகமாகத் திறங்கள். பழகாத கால் இதற்கு நேர்மாறாகச் செய்யும். அப்போது சட்டென்று வெடித்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். நோட்டில் குறியில்லாத இடத்தில் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பது வேண்டாம். அது ஹார்மோனியத் துருத்திப் பழக்கம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். சில டிஜிட்டல் கருவிகளில் ஒரே எக்ஸ்பிரஷன் பெடல் கிரேட்டையும் பெடலையும் சேர்த்தே குறைக்கும்படி வைத்திருப்பார்கள். ஃபிராங்குக்கு அது ஒத்துவராது. பாக்ஸுக்குள் இருந்தது ரேசி மட்டும்தான்; கிராண்ட் ஓர்க் அசையாமல் நிற்க, உள்ளே ரீட் வளர்வதுதான் அந்த ஒலி. அமைப்பில் கிரேட்டையும் பெடலையும் விடுவித்துவிடுங்கள். மூடிய நிலையில் ஸ்வெல் சுத்தமாக மௌனமாகும்படி இருந்தாலும் கீழ் எல்லையை உயர்த்துங்கள். உண்மையான பாக்ஸ் மூடினாலும் ஒலி கசியும்.

எட்டடி

பத்தாம் கட்டைக்கு: ஃபிராங்கின் கை பெரியது. பன்னிரண்டாம் கட்டைவரை எட்டியதாகச் சொல்வார்கள். நமக்கு வழி வேறு.

முதலில் பெடலைப் பாருங்கள். கிரேட்-பெடல் கப்ளர் போட்டிருந்தால், பெடலில் மிதிக்கும் நோட்டு கிரேட்டிலும் அதே சுருதியில் ஒலிக்கிறது. இடது கையின் அடி நோட்டும் பெடல் நோட்டும் எழுத்தில் ஒரே இடமாக இருந்தால் கையில் அதை விட்டுவிடலாம், எதுவும் குறையாது. பாதிச் சிக்கல் இதிலேயே தீரும். மீதியில், கோர்டின் மேல் நோட்டை வலது கட்டைவிரலால் எடுக்க முடியுமா பாருங்கள். இரண்டு கையும் ஒரே மேனுவலில் இருந்தால் யார் எடுத்தாலும் ஒன்றுதான். இரண்டு கையும் வேறு வேறு மேனுவலில் இருந்தால் இது நடக்காது, அங்கே ஸ்தாயி இரட்டிப்பான நோட்டை விடுங்கள். நகரும் உள்குரலை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். ஃபிராங்கின் ஹார்மனி முழுவதும் அந்த அரைச்சுர நகர்வில்தான் இருக்கிறது.

பியானோ போல உருட்டி வாசிக்க வேண்டாம். பியானோவில் முதலில் அடித்த நோட்டு தேய ஆரம்பித்துவிடும். ஆர்கனில் அது முழுப் பலத்தோடு தனியாக நிற்கும், தப்பு வாசித்தது போலக் கேட்கும்.

கஞ்சிக்கு இன்னொரு மருந்து இருக்கிறது: திரும்ப வரும் நோட்டுகள். ஆர்கனிஸ்ட் லெமென்ஸ் பெல்ஜியத்தில் கற்றுக்கொடுத்து, அவர் மாணவர்கள் விதோர், கில்மான் வழியாகப் பாரிஸில் ஊன்றிய முறையில் லெகாட்டோ (நோட்டுகளை இடைவெளியின்றி ஒட்டி வாசிப்பது) முழுமையானது. கட்டை மாற்றாமல் விரல் மாற்றுவதே அதன் உயிர். ஆனால் அதே நோட்டு மறுபடி வரும்போது கட்டாயம் இடைவெளி வேண்டும், அதுவும் அளந்து. பாரிஸ் ஆர்கனிஸ்ட் துப்ரே பிற்பாடு வகுத்த விதிப்படி ஓடும் சிறிய அளவில் பாதி. எட்டில் ஒரு பங்கு நோட்டுகள் ஓடினால் பதினாறில் ஒரு பங்கு மௌனம். ஃபிராங்கே இவ்வளவு கறாராக இருந்தார் என்று சொல்லவரவில்லை. எதிரொலிக்கும் இடத்தில் இடைவெளி விடாவிட்டால் கோர்டுகள் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

உருளை

வுவா ஹ்யூமேனை எல்லாரும் மறந்துட்டோம்.

ஃபிராங்க் அதைத் தனியா விடமாட்டார், 8 அடி ஃப்ளூட் துணைக்கு இருக்கும், டிரெமுலண்டும் ஓடும். உங்ககிட்ட ஸ்டாப் இல்லைங்கறதால பிஸ்டன் 6-ல ஸ்வெல் ரோர் ஃப்ளூட் 8, ஓபோ 8, டிரெமுலண்ட் வைங்க. கிரேட் கப்ளர் கழட்டிடுங்க. ரெண்டு கையும் ஸ்வெல்லயே, பாக்ஸ் கால் பங்கு திறந்தபடி. பெடல்ல பூர்டன் 16, ஃப்ளூட் 8 மட்டும். பெடலுக்கு டிரெமுலண்ட் வரக்கூடாது. செலெஸ்டை இதுக்குப் பதிலாப் போட ஆசை வரும், போடாதீங்க. செலெஸ்ட் அலை, வுவா ஹ்யூமேன் ஒரு மூக்குக் குரல், ரெண்டும் வேற சாதி. டிஜிட்டல் டிரெமுலண்ட் ஆழம் பொதுவா அதிகமா வைச்சிருப்பாங்க. வேகத்தை அப்படியே விட்டுட்டு ஆழத்தைப் பாதியாக் குறைங்க, கோர்டு நடுங்கணும், ஆடக்கூடாது.

காற்றுப்பெட்டி

கேட்டு ஒப்பிட விரும்பினால் ஒரு எச்சரிக்கை. இன்று சாந்த் க்ளோதில்ட்டில் பதிவான ஒலியை ஃபிராங்க் கேட்ட ஒலி என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1933-இல் அங்கே ஆர்கனிஸ்டாக இருந்த தூர்ன்மீர் காலத்தில் அதை விரிவாக்கினார்கள், 1962-இல் அவருக்குப் பின் வந்த லாங்லே காலத்தில் மின் ஆக்‌ஷனுக்கு மாற்றினார்கள், ஸ்டாப்களும் கூடின. அதிகம் கை வைக்கப்படாத கவாயே-கோல் வேண்டுமென்றால் ரூவான் சாந்த் வான் (1890), துலூஸ் சாந்த் செர்னான் (1889), பாரிஸ் சாந்த் சுல்பீஸ் (1862) ஒலிப்பதிவுகளைத் தேடுங்கள். கடைசியாகச் சொன்னது கட்டியபோது 100 ஸ்டாப், ஐந்து மேனுவல். விதோர் 1870 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். அவருடைய சிம்பனிகளில் வரும் ஜி, பி, ஆர் எழுத்துகளும் கிராண்ட் ஓர்க், பொசிட்டிஃப், ரேசி மேனுவல்களைத்தான் குறிக்கும், ஜிபிஆர் என்றால் மூன்றும் கப்ளரில். நீங்கள் வைத்திருக்கும் பிஸ்டன் 1 முதல் 5 வரை அவருக்கும் பொருந்தும். ஒரே மாற்றம்: விதோருக்கு ஸ்வெல் கான்ட்ரா ஃபகாட்டோ 16-ஐப் பிஸ்டன் 4-இலேயே சேர்த்துவிடலாம், எட்டடிக்கும் சந்தோஷம்.

ஒலிப்பதிவு கேட்கும்போது தாளத்தைவிட, ரேசி ரீட் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நல்ல வாசிப்பில் அது பாக்ஸ் திறப்பதற்கு நாலைந்து பார் முன்னாலேயே நடந்திருக்கும்.